கூரையைப் பார்க்கும் கண்ணாடி

"இந்த வண்டி இந்த வண்டிதானான்னு பார்க்கணும்," என்றார் வண்டிப் பரிசோதகர் டேரல்.

பானெட்டைத் தூக்கினார். எஞ்சினுக்குப் பின்னால் அடித்திருந்த சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். வெட்டி ஒட்டியிருந்தால் விரல் சொல்லிவிடுமாம்.

அடிபட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டி. ஏலத்தில் எடுத்து, என் நர்ஸ் சம்பளத்தைக் கொட்டிச் சரிசெய்திருந்தேன். இன்று தேறினால் நம்பர் பிளேட் கிடைக்கும். தோற்றால் நசுக்கிவிடுவார்கள்.

அம்மாவின் ஆசை அதுதான். "அந்தப் பீடை என் வாசலுக்கு வரக் கூடாது, சலோமே."

"கதவு வேற வண்டியோடது. பெல்ட்டும் வேற வண்டியோடது," என்றார் டேரல். "இந்த லோகன் ஊர்ல பாதி வண்டி இப்படித்தான். ராத்திரி ஒரு வண்டியாப் படுக்கும், காலைல வேற வண்டியா எழுந்திருக்கும்."

ரசீதுகளை அவர் முன்னால் வைத்தேன்.

"அடேயப்பா. படிச்ச புள்ள."

வெள்ளைக்காரப் பெண் கொண்டுவந்தால் அது வெறும் ரசீது. நான் கொண்டுவந்தால் அதிசயம்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணும்மா."

"நீங்களே பண்ணுங்க."

"உன் வண்டிதானே?"

இழுவை வண்டியில் சாய்ந்து நின்றிருந்த சியோசி மாமா குரல் கொடுத்தார். "அவ டாக்டரம்மா சார். பின்சீட்லதான் உக்காருவா. ஒரு டிரைவர் போட்டுக் குடுங்க."

சிரித்தார். உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

டேரல் ஏறினார். அவருக்குக் கால் எட்டவில்லை.

"எவன்யா இதை ஓட்டினது, தென்னமரமா?"

"சீட்டை இழுக்காதீங்க."

கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் விளிம்பில் உட்கார்ந்தபடியே சாவியைத் திருப்பினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணாடி கூரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. பின்னாடி வர்றது எப்படித் தெரியும்?"

நான் வாய் திறப்பதற்குள் ஒரு விரலால் அதை நேராக்கிவிட்டார்.

மெக்கானிக்கிடம் நான் போட்ட ஒரே நிபந்தனை அது. எதை வேண்டுமானாலும் மாற்று. சீட்டையும் கண்ணாடியையும் தொடாதே.

டேரல் இறங்கி, கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போனார். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

"தேறிடுச்சும்மா. அதே வண்டிதான்."

போன வருடம் ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் கேட்டார்கள். உள்ளே இருப்பது என் அண்ணன் மனாசேதானா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்போது நர்சிங் கடைசி வருடம். ஊரார் உடம்பையெல்லாம் துடைத்துவிட்டவள். ஆனால் நாங்கள் டோங்காத் தீவுக்காரர்கள். அண்ணன் படுத்திருக்கும் அறைக்குள் தங்கை போவதில்லை. வயதுக்கு வந்த பிறகு நானும் அவனும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவிகூடப் பார்த்ததில்லை.

மாமாதான் உள்ளே போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தினமும் என்னைக் காலேஜில் கொண்டுவிட்டவன் மனாசே. நான் பின்சீட்டில். கண்ணும் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று, நான் ஏறுவதற்கு முன்பே கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவைப்பான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அன்றைக்கு என்னை இறக்கிவிட்டுப் போனவன், கண்ணாடியை மறுபடி நேராக்க மறந்துவிட்டான். பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்கியிருக்கிறான். பின்னால் லாரி வந்ததை அவன் பார்க்கவே இல்லை.

சியோசி மாமா சங்கிலியை எடுத்துக்கொண்டிருந்தார். "ஏத்திடலாமா பாப்பா?"

"ஒரு நிமிஷம் மாமா."

சாவியால் பின்கதவைத் திறந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. முன்னால் காலி சீட்.

டேரல் நேராக்கிய கண்ணாடியில் என் முகம் தெரியும், பார்த்துவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன்.

கூரைதான் தெரிந்தது.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.