வாய் திறக்காத சம்பந்தியம்மா

"ஸ்கேன் முடியட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

அண்ணன்காரனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஸ்கேன் அறை வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தான். உள்ளே அவன் ஒரே தங்கை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் குடித்துவிட்டாள்.

பெஞ்சில் அவள் மாமியார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னது இன்னும் காதைக் குடைந்தது. 'மாமியார் ஓங்கி அடிச்சாங்க, ஜன்னல் வழியா நானே பார்த்தேன். அடுத்த நிமிஷம் உங்க தங்கச்சி தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு அலறுது!'

"எதுக்கும்மா அடிச்சீங்க?"

முந்தானையை வாயில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அவளா குடிச்சாளா, நீங்க குடிக்க வெச்சீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

"நடிப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!"

பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதையும் தள்ளிவிட்டாள்.

"பார்த்தீங்களா சார் வீம்பை?"

கதவு திறந்தது. டாக்டர்.

"பயப்படாதீங்க. உணவுக்குழாய் லேசா வீங்கியிருக்கு, எங்கயும் ஓட்டை விழல. இரைப்பையும் தப்பிச்சுது. ஒரு மிடறுதான் உள்ள போயிருக்கு. ஆபரேஷன் தேவைப்படாது."

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. கூடவே கோபமும்.

"டாக்டர், இது போலீஸ் கேஸ். இந்தம்மாதான்..."

"இவங்கதான் மாமியாரா?" டாக்டர் அவனை விலக்கிக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினார். "சிஸ்டர், ஸ்ட்ரெச்சர்! சீக்கிரம்!"

"எதுக்கு டாக்டர்?"

"உங்க தங்கச்சி இப்பதான் சொன்னாங்க. மாப்பிள்ளை பாத்ரூம் கழுவ வாங்கின ஆசிட்டைக் காலித் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கார். தெரியாம முதல்ல இவங்கதான் மடமடன்னு குடிச்சிருக்காங்க. தொண்டை வெந்து சத்தமே வரல. மருமக வாய்க்குப் போன டம்ளரைத்தான் ஓங்கித் தட்டியிருக்காங்க."

ஸ்ட்ரெச்சர் வந்தது. முந்தானை விலகியது. உதடெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

படுக்கச் சொன்ன நர்ஸின் கையைத் தடுத்துவிட்டு, ஸ்கேன் அறைப் பக்கம் கையைக் காட்டி, 'அவ எப்படி இருக்கா?' என்று சைகையிலேயே அவனிடம் கேட்டாள் அந்தம்மா.