மேல் தட்டில் மூன்று டப்பா

"ஆபீசருக்கு போன் போட்டது நீதானே மச்சான்?"

கரண்டி கழுவிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஆமா மாப்ள. நான்தான்."

ஓட்டல் முதலாளிக்குக் காதெல்லாம் சூடேறியது. வேறு யாராக இருந்தாலும் தாங்கியிருப்பார். சொந்தப் பெண்டாட்டியின் அண்ணன்! பதினோரு வருடமாக இதே அடுப்படியில் ஒன்றாக வெந்தவர்.

முந்தாநாள் இந்த ஓட்டலிலிருந்து பக்கத்துத் தையல் கம்பெனிக்கு நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு போனது. பொழுது சாய்வதற்குள் பதினான்கு பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்கள். ஓட்டல் சாப்பாடுதான் காரணம் என்று கம்பெனி மேனேஜர் தெருவெல்லாம் கத்தினார். கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார் என்று முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். இன்று காலை சுகாதார அலுவலகத்து பியூன், டீ குடிக்க வந்த இடத்தில் காதைக் கடித்தார். "பதினோரு மணிக்கு மேடம் வர்றாங்க. போன் உங்க சமையல்கட்டுலேர்ந்தே வந்துச்சாம்."

"எதிர்த்தாப்புல நீ கடை போடப் போறதா பேச்சு அடிபட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். என் கடைய மூட வச்சிட்டு நீ தொறக்கலாம்னு பாக்குற!"

"மாப்ள, கொஞ்சம் காது குடு. நான் எதுக்குப் போன் பண்ணேன்னா..."

"ஒண்ணும் வேணாம். ஏப்ரனைக் கழட்டு!"

கல்லாவிலிருந்து முதலாளியின் மனைவி ஓடி வந்தாள். "என்னங்க இது, அண்ணன் சொல்றத முழுசா கேளுங்களேன்."

"உள்ள போ. பாசமலர் நாடகம் இங்க வேணாம்."

மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, ஆணியில் மாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"பிரிட்ஜ்ல மேல் தட்டை மட்டும் தொட்டுடாத மாப்ள. உன் கால்ல வேணா விழறேன்."

"போய்யா!"

போய்விட்டார்.

முதலாளி நேராகப் பிரிட்ஜுக்குத்தான் போனார். மேல் தட்டில் மூன்று சின்ன டப்பா. சோறு, கோழி, பருப்பு. ஒவ்வொன்றிலும் முந்தாநாள் தேதி எழுதிய சீட்டு.

மாஸ்டருக்கு இது ஒரு வியாதி. வெளி ஆர்டருக்கு எது சமைத்தாலும் ஒரு கை அள்ளி டப்பாவில் அடைத்து, மூன்று நாள் வைத்திருந்துதான் கொட்டுவார். எங்கோ பெரிய ஓட்டலில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். கடையில் எல்லோரும் அவரை டப்பா மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதலாளிதான் அந்தப் பெயரை வைத்தவர்.

'ஓஹோ... ஆபீசர் கையில ஆதாரத்தைக் குடுக்கத்தான் தொடாதேன்னானா?'

மூன்று டப்பாவையும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். சீட்டுகளைச் சுரண்டி எடுத்தார். வெந்நீர், சோப்பு, பிளீச்சிங் பவுடர் என்று ஒன்று விடாமல் போட்டுத் தேய்த்தார். தேய்த்து முடித்தபோது டப்பாக்கள் அன்றுதான் வாங்கியவைபோல் இருந்தன.

சொன்னபடி பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை மாட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தார். பிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். வெட்டும் பலகைகளைத் திருப்பினார். அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்தார். எங்கும் குறை இல்லை. முதலாளி மெல்ல மூச்சு விட்டார்.

"கிச்சனை நல்லா வச்சிருக்கீங்க. சரி, முந்தாநாள் சாம்பிளை எடுங்க."

"சாம்பிளா? அப்படி எதுவும் வைக்கிற வழக்கம் இல்லைங்களே மேடம்."

ஆபீசரின் பார்வை தொட்டிக்கு மேலே போனது. அங்கே மூன்று டப்பாக்கள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். பிளீச்சிங் பவுடர் வாடை. மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"மேடம்..."

"அந்தக் கம்பெனியில வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்த மூணு பேருக்கும் வாந்தி. அங்க உள்ள தண்ணித் தொட்டி மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா மேனேஜர் உங்க மேல எழுதியே குடுத்துட்டாரு. அங்க இருந்த மிச்சத்தையெல்லாம் அன்னிக்கே கொட்டிட்டாங்க. உங்க சாப்பாடு நல்ல சாப்பாடுன்னு காட்ட இந்த மூணு டப்பாவைத் தவிர வேற எதுவுமே கிடையாது."

ஆபீசர் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"இப்ப நான் என்ன எழுதறது? நான் வர்றது தெரிஞ்சு சாம்பிளை அழிச்சுட்டாருன்னுதான் எழுதணும். விசாரணை முடியற வரைக்கும் கடையைப் பூட்டி சீல் வைக்கணும். அப்புறம் லைசென்ஸ் தங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

சமையல்கட்டு வாசலில் முதலாளியின் மனைவி நின்றிருந்தாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கடைசியாக ஒரு பிடி தேடினார். "எல்லாம் என் மச்சானால வந்தது மேடம். அவர்தானே என் மேல உங்களுக்கு போன்ல கம்ப்ளெயின்ட் பண்ணாரு?"

ஆபீசர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கம்ப்ளெயின்ட்டா? நாங்க நாளைக்குத்தான் வர்றதா இருந்தோம். 'மேல் தட்டுல மூணு டப்பா வச்சிருக்கேன், எங்க மேல தப்பில்லன்னு அது சொல்லும், இன்னிக்கே வந்து எடுத்துக்குங்க மேடம்'னு கெஞ்சினாரு. ஒரு நாள்ல என்ன ஆகிடப்போகுதுன்னு கேட்டேன். 'எங்க மாப்ள தங்கமான மனுஷன், பயந்துட்டா மட்டும் முன்னபின்ன யோசிக்காம எதையாவது தூக்கிப் போட்டுடுவாரு'ன்னாரு."