திண்டிவனத்துக்கு அப்பால்

"எம் புள்ள திண்டிவனத்தத் தாண்டுனதே இல்லீங்க ஐயா" என்றார் என் மாமியார் ராயம்மாள்.

கான்ஸ்டபிள் இன்னும் கயிற்றுக் கட்டிலில் உட்காரவே இல்லை. எதுவும் கேட்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அருளானந்தம் மலேயாவுக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருந்தார். அதற்கான விசாரணை அது. அறுபத்து நாலாம் வருடம். மல்லாட்டைப் பயிர் மறுபடியும் காய்ந்து போயிருந்தது. பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த இவருடைய தாய்மாமன் ஆள் கேட்டு எழுதியிருந்தார். எங்களுக்கு வேறு வழி இல்லை.

குறுக்கே நின்றது இலங்கை.

பத்து வருடத்துக்கு முன் ராமேஸ்வரம் பக்கம் இருட்டில் தோணி ஏறிப் போனவர் இவர். அட்டனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். கள்ளத்தோணி என்று பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தெரிந்தால் இனி எந்த நாட்டுக்கும் பாஸ்போர்ட் கிடைக்காது என்றார்கள், கேட்ட இடத்திலெல்லாம்.

ஆகவே, இவர் எங்கும் போனதில்லை என்று எங்கள் செஞ்சித் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். மாமியார் தான் சொல்லப்போகும் பொய்களுக்காக அந்தோணியாருக்கு முன்கூட்டியே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

கான்ஸ்டபிளுக்கு முப்பது வயதிருக்கும். ஒருவழியாகக் கட்டிலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார்.

"கடல் பாத்திருக்கியா?"

"கோட்டையில செட்டிக்குளம் இருக்குதே, அதாங்க நாங்க பாத்த கடலு" என்று முந்திக்கொண்டார் மாமியார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கன்னியப்பன் தெருவிலிருந்து குரல் கொடுத்தான்.

"கொழும்பாரே! இன்னா, வூட்லதான் இருக்கிறியா?"

ஊரில் இவருக்கு அதுதான் பெயர். இவர் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"யாரு கொழும்பாரு?" என்றார் கான்ஸ்டபிள்.

"எங்க மாடுங்க ஐயா" என்றார் மாமியார்.

"மாட்டப் போயி வூட்ல இருக்கிறியான்னு கேப்பாங்களா?"

"ரொம்ப மரியாதையான மாடுங்க."

கன்னியப்பன் வாசல்வரை வந்து, காக்கிச் சட்டையைக் கண்டு, அப்படியே புளியமரத்தடிக்குத் திரும்பினான். அங்கே கட்டியிருந்த எங்கள் மாட்டின் முன்னால் குனிந்து, "சாப்டியா கொழும்பாரே?" என்று கேட்டான்.

மாடு ஒன்றும் சொல்லவில்லை.

கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார், எதுவும் எழுதாமல் மூடினார். அந்தச் சந்தோஷத்தில் மாமியார் உள்ளே ஓடிப்போய்த் தேநீரோடு வந்தார்.

பால் இல்லாத கறுப்புத் தேநீர். தனியே ஒரு கிண்ணத்தில் பொடித்த வெல்லம்.

அது தோட்டத்து வழக்கம். வெல்லத்தை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. அட்டனிலிருந்து இவர் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான். வீட்டில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. செஞ்சியில் வேறு யாரும் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை பங்குச் சாமியாருக்குக் கொடுத்தபோது, வெல்லத்தை டம்ளரில் கொட்டி விரலாலேயே கலக்கிவிட்டார்.

இப்போது இவரும் இல்லை, மாமியாரும் இல்லை. அப்படிக் குடிக்க நான் ஒருத்திதான் மிச்சம்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் மாமியாருக்கு உறைத்தது. அதற்குள் டம்ளர் கைமாறியிருந்தது.

கான்ஸ்டபிள் கிண்ணத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். புளியமரத்தடியில் மாட்டைப் பார்த்தார்.

பிறகு வெல்லத்தை எடுத்து இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். ஒரு நக்கு. ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசித் துளியும் போனபின், அன்றைக்கு முதல் தடவையாக என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"ஐயா எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?"

கான்ஸ்டபிள் கையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"அருளானந்தம். திண்டிவனத்தத் தாண்டுனதே இல்ல."

தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நானுந்தான்" என்றார்.