பூ கிள்ளிய செடிகள்

கொல்லைப்புறத்தில் காலை வெயில் மதிலைத் தாண்டி இறங்கி, ஆறு செடிகளின் மேல் விழுகிறது. முறம் அகலத்துக்கு இலைகள். தண்டெல்லாம் பிசுபிசுக்கும் மெல்லிய முடி. தொண்டை அறுவைச் சிகிச்சையில் பேச்சை இழந்த அண்ணன், பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறான். கழுத்திலுள்ள குழாயில் மூச்சு விசிலடிக்கிறது. அவனுடைய இரண்டு விரல்கள், கையில் இல்லாத பீடியை உருட்டுகின்றன. அவன் எழுதிக் காட்டிக் கேட்டான் என்று விதை தேடி வாங்கி வந்த புத்திசாலி நான்தான். செடியருகே அண்ணி அரிவாளோடு நிற்கிறாள்.

"என்ன செடி தம்பி இது?"

"கத்தரி அண்ணி. கொஞ்சம் ஊட்டமா வளந்துடுச்சு."

என் முகத்தில் பொய் ஒட்டாது என்று என் மாமியாரே சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அண்ணி குனிந்து, காலடியில் வாடிக்கிடக்கும் இளஞ்சிவப்புப் பூங்கொத்தை எடுக்கிறாள்.

"கத்தரிக்குப் பூவைக் கிள்ளிப் போடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். இலை தடிக்கணும்னு எங்கப்பாவோட புகையிலைக் காட்டுல நானே கிள்ளியிருக்கேன், தம்பி."

நான் மண்ணைப் பார்க்கிறேன். அரிவாளின் நுனி தண்டைத் தொட்டு, அங்கேயே நிற்கிறது. எனக்கு மட்டும் கேட்கும்படி அண்ணி சொல்கிறாள்: "இது பழுத்து, காஞ்சு, கைக்கு வர இன்னும் மூணு மாசமாவது ஆகும்."

நேற்று டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியே அழைத்து, அண்ணனுக்குச் சொன்ன கெடு ஒரு மாதம்.

அண்ணி அரிவாளைக் கீழே வைக்கிறாள். வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு முதல் செடிக்கு ஊற்றுகிறாள், பிறகு அடுத்ததற்கு. தப்பித்துவிட்டோம் என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்.