ஆறு மாதப் பத்தியம்

ஓய்வுபெற்ற சுபேதார் உக்கிரபாண்டிக்கு அன்று பிறந்தநாள். ராஜபாளையத்திலேயே பெரிய கடலுணவு ஓட்டலில் மருமகள் வேதா மேசை பிடித்திருந்தாள்.

வேதா, முட்டைகூடத் தொடாத ஸ்ரீவில்லிபுத்தூர் வைணவக் குடும்பத்துப் பெண். அவள் வந்த ஆறு மாதமாக வீட்டில் மீன் சட்டி அடுப்பேறவில்லை. அது உக்கிரபாண்டி போட்ட உத்தரவு.

பக்கத்து மேசையில் வறுத்த வஞ்சிரம் மணத்தது.

"பொறந்தநாளும் அதுவுமா ஒரு துண்டு தின்னா என்னங்க?" என்று மனைவி வெள்ளத்தாய் காதைக் கடித்தாள்.

"நமக்காக அந்தப் புள்ள இங்க வந்து உக்காந்திருக்கு. அது முன்னால கவிச்சி திங்கலாமா?" என்றவர், ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டு சர்வரைக் கூப்பிட்டார். "தம்பி, கோபி வறுவல் நாலு!"

வேதாவின் முகம் வாடியது. பாவம், நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

சர்வர் அவளும் அவள் கணவனும் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான்.

"மேடம், உங்களுக்கும் சாருக்கும் எப்பவும்போல நண்டு ரோஸ்ட்தானே?"

மகன் ஜெயபாண்டி மெனு கார்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"எனக்காக விட்டுட்டேன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னீங்க மாமா. அதைக் கெடுக்க மனசு வரலை" என்றாள் வேதா, தலையைக் குனிந்து.

ஆறு மாதம் தின்ற பருப்புக் குழம்பெல்லாம் உக்கிரபாண்டியின் நெஞ்சில் ஏறி நின்றது. மகனைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"தம்பி, நண்டு மூணு பிளேட்டு கொண்டா. கோபி நாலையும் எம் மவன் முன்னால வையி."