பத்தொன்பது பேரின் பெயர்

சங்கிலி தாங்கியது.

கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து நின்றது. அந்த இடைவெளியில் அவன் முகம்.

இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து நிரோஜினி அந்த முகத்தைப் பார்க்கிறாள். மகள் லீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகப் பையைக்கூட இறக்கியிருக்கவில்லை. மணி அடித்தது. மாடிவீட்டுக்காரி என்று நினைத்து நிரோஜினிதான் திறந்தாள்.

"மூன்றாவதாக வந்திருக்கிறாள். பத்திரிகையில் பார்த்தேன்," என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான்.

பிறகு உதைத்தான்.

சங்கிலியின் திருகாணி ஒன்று தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது.

"லீனா, குளியலறைக்குள்ள போய்ப் பூட்டு," என்றாள் தமிழில். அவனுக்குத் தமிழ் தெரியாது. "அம்மா கூப்பிட்டாத்தான் திறக்கோணும்."

எட்டு வயதுப் பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

டீட்மார் க்ரூப்ஷ்லாக். அவளுடைய கணவனாக இருந்தவன். தெற்கே மலையடிவாரத்தில் அவனோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தினாள். பிறகு ஒரு பெட்டியும் பிள்ளையுமாக, நாட்டின் மறுமுனையில் இருக்கும் இந்தத் துறைமுக நகரத்துக்கு ஓடி வந்தாள். விவாகரத்து ஆனது. தன் பெயரை மாற்றிக்கொண்டாள். பிள்ளையின் பெயரை மாற்ற அப்பாவின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். வக்கீல் மூலம் கேட்டாள். அவன் போடவில்லை.

லீனா க்ரூப்ஷ்லாக் என்றே பள்ளிக்கூடம் போனாள்.

வேறு பெயராக இருந்திருந்தால் ஆயிரம் லீனாக்களுக்குள் மறைந்திருப்பாள். க்ரூப்ஷ்லாக் என்று தேடினால் நாடு முழுக்கப் பத்தொன்பது பேர்தான். பதினாறு பேர் ஒரே பள்ளத்தாக்கில். போன மாதம் நீச்சல் போட்டி முடிவை உள்ளூர்ப் பத்திரிகை போட்டது. பெயரும் பள்ளிக்கூடமும்.

அவன் பள்ளி வாசலிலிருந்து பிள்ளையின் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறான்.

இடைவெளிக்குள் அவன் கை நுழைந்தது. சங்கிலியைத் தேடவில்லை. அவள் தலைமுடியைத் தேடிப் பிடித்தது.

இழுத்தான்.

கதவின் விளிம்பில் அவள் முகம் மோதியது. மறுபடியும் மோதியது. மூன்றாவது தடவை பல் உதட்டைக் கிழித்து வெளியே வந்தது.

முகத்தில் அவன் அடிப்பது இதுவே முதல் தடவை. முன்பெல்லாம் சட்டை மறைக்கும் இடங்களில் மட்டும்தான் அடிப்பான்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கல்யாண விருந்தில் மாமனார் சொன்னார். அந்தக் காலத்தில் காட்டில் குழி வெட்டி ஓநாய் பிடிப்பார்களாம். விழுந்த ஓநாயை ஈட்டியால் குத்தினால் தோல் கெட்டுவிடும். அதனால் ஒரு குடும்பம் குழிக்குள் இறங்கித் தடியால் தலையில் அடிக்கும். குழியடி. அதுதான் க்ரூப்ஷ்லாக். மேசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்போது டீட்மாரின் கை அவள் பிடரியில் இருந்தது. மாப்பிள்ளையின் பிரியம் என்று நினைத்தாள்.

அதே கை.

அவள் கடித்தாள்.

மணிக்கட்டுக்கு மேலே, எலும்பு தட்டும்வரை. பிடி தளர்ந்தது. அவன் கையை உருவிக்கொள்வதற்குள் முழு உடம்போடு கதவில் விழுந்தாள்.

நான்கு விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன.

அந்த நடை குறுகலானது. முதுகைக் கதவில் கொடுத்து, இரண்டு பாதங்களையும் எதிர்ச்சுவரில் ஊன்றினாள். தள்ளினாள்.

ஏதோ ஒன்று நொறுங்கியது. காய்ந்த விறகு முறிவதைப் போல.

அவன் கத்தினான். வெறிநாயே என்றான். பிள்ளையைக் கொன்றுவிட்டுத்தான் போவேன் என்றான். காலால் கதவை இடித்தான். ஒவ்வொரு இடியும் அவள் முதுகெலும்பில் இறங்கியது.

அவள் தள்ளினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் மாறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நிரோ என்றான். விடு, போய்விடுகிறேன் என்றான். அழுதான்.

விட்டிருக்கலாம்.

விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. அவள் காதுக்கு அருகில்தான் இருந்தன. நகங்களைப் பார்த்தாள். ஒழுங்காக வெட்டியிருந்தான்.

அவள் விடவில்லை.

கீழ்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார் என்பது, படிகளில் காலணிச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கதவை விடச் சொல்லி வெளியே ஒரு பெண்குரல் மூன்று தடவை சொன்னது. அவள் கால்கள் மடங்க மறுத்தன. ஒரு காலைக் கையால் பிடித்து இறக்கினாள்.

டீட்மாரைக் கீழே கொண்டுபோனார்கள்.

பெண் போலீஸ்காரி சமையலறையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். நிரோஜினியின் வாயில் துணி. வெள்ளைத் துண்டு பாதிக்குமேல் சிவந்திருந்தது. பேச வேண்டாம், ஆம்புலன்ஸ் வருகிறது என்றாள் போலீஸ்காரி. பிள்ளையின் பக்கம் திரும்பிப் பெயர் கேட்டாள்.

"லீனா."

முழுப் பெயர்?

லீனா அம்மாவைப் பார்த்தாள். பிறகு நடையில், கதவு நிலையில் வழிந்திருந்ததைப் பார்த்தாள்.

"லீனா கதிரவேற்பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாத்தாவின் பெயர். நிரோஜினி திரும்ப எடுத்துக்கொண்ட பெயர்.

பேனா நின்றது. இதை எப்படி எழுதுவது என்று போலீஸ்காரி கேட்டாள். தவறாக எழுதிவிடக் கூடாதாம். நீதிமன்றத்துக்குப் போகிற காகிதமாம்.

லீனா அந்த நாட்டு மொழியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கா. ஆ. டே. ஹா. ஈ.

'கதி' வரை வந்தது. அடுத்த எழுத்தில் தடுக்கியது. மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். அவள் கண்கள் நிரம்பின.

நிரோஜினி பிள்ளையைப் பார்த்தாள். குறிப்பேட்டைப் பார்த்தாள்.

வாயிலிருந்து துணியை எடுத்தாள்.

"எர்," என்றாள்.