எந்தக் காளை?

"அப்பன் யாருன்னு தெரியாம எங்க கெடேரிக்கு ஊசி போட வுடமாட்டேன். தெரிஞ்சிக்கினு வந்து பேசு."

பலராமன் கொட்டாயின் குறுக்கே நின்றுகொண்டான். மாட்டாஸ்பத்திரியிலிருந்து சினை ஊசி போட சைக்கிள் மிதித்து வந்திருந்த வீரப்பனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வில்லியனூர் வட்டாரத்தில் அவர் ஊசி போடாத மாட்டுக் கொட்டாய் கிடையாது. ஆனால் மாட்டுக்குச் சம்பந்தம் பேசுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"யோவ், நல்ல காளைதான்யா. பேரு, ஊரெல்லாம் எழுதியா அனுப்பறாங்க?"

"விசாரி. எந்தக் காளை, இன்னா வம்சம்னு தெரியாம நான் ஒத்துக்க மாட்டேன்."

"பேப்பர் படிக்கறதில்லயா நீ? மனுசனுக்கே கண்ணாடிக் குழாயில கரு வச்சி புள்ள பொறக்கற காலம் இது. நீ இன்னாடான்னா பொண்ணு குடுக்கற மாதிரி மாட்டுக்குக் குலம் கோத்திரம் கேக்கற."

"மனுசங்க கத வேற. நீ மாட்டுக்குப் பதில் சொல்லு."

"இன்னிக்கு வுட்டா பருவம் தப்பிடும். அப்புறம் மறுபடியும் கத்தற வரைக்கும் காத்துக் கெடக்கணும்."

"கெடக்கறேன்."

வீரப்பன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பெட்டியைத் தூக்கி சைக்கிளில் கட்டினார். "மேல கேட்டுப் பாக்கறேன். உன்ன மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா நான் வேலைய வுட்டுட்டுப் போவ வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடியே போனார்.

காடித்தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி தனக்கொடியின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. ஊரே வந்து வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போனது. அவளுக்குத்தான் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

மெட்ராஸ் டாக்டரம்மா இரண்டு பேரையும் பரிசோதித்த பிறகு, அவளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "குறை உங்க வீட்டுக்காரர்கிட்டதான்மா. வேற ஒருத்தரோட விந்தை எடுத்து ஊசி வழியா உள்ள வைக்கலாம். அவர் யாருன்னு நீங்க கேக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைப் பேச வேண்டாம். சும்மா வைத்தியம்னு இருக்கட்டும்."

குறை தன்னிடம் என்று தெரிந்தால் அவன் இடிந்துபோய்விடுவானே என்றுதான் தனக்கொடி தலையாட்டினாள். பிள்ளையோடு சேர்த்து ஒரு பொய்யையும் சுமக்க வேண்டியிருக்கும் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. மாட்டுக் கன்றுக்கே அப்பனைக் கேட்கிறவன் கையில் நாளைக்கு இந்தப் பிள்ளையை எந்த முகத்தோடு கொடுப்பது?

"மாமா, அப்பன் யாருன்னு தெரியாட்டி கன்னு கன்னு இல்லாம பூடுமா?"

"இன்னாடி கேக்கற?" பலராமன் திரும்பினான். "ஏன், கண்ணு ஏன் கலங்கியிருக்குது?"

"எவ்ளோ நாளைக்கு மறைக்கறது? வயித்துல இருக்கறது உன்னுது இல்ல, மாமா."

சொல்லிவிட்டாள். மற்றதெல்லாம் மடை திறந்தாற்போல் வந்துவிட்டது. "மெட்ராசுல ஊசில வச்சாங்க. யாருதுன்னு எனுக்கும் தெரியாது. நான் யார் மொகத்தயும் பாக்கல. உங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க, நானும் பேசாம இருந்துட்டேன். நீயும் அது வயித்துல இருக்குதுன்னு ஆச ஆசயா பலாப்பழம் வாங்கியாந்து குடுக்கற. என்னால முழுங்க முடியல. உனுக்கு வேணாம்னா சொல்லிடு. நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்."

பலராமன் அவள் பக்கத்தில் வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்தான். பிறகு கிடாரியின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

"இத்தப் பாரு. சின்ன ஒடம்பு. இடுப்பு எவ்ளோ குறுகலு. தல ஈத்து வேற. பெரிய காளையோடத போட்டுட்டா கன்னு உள்ளயே பெருசா வளந்துரும். வெளிய வர வழி இல்லாம தாயும் சேந்து பூடும். கரிக்கலாம்பாக்கத்துல எங்க அக்கா வூட்டு மாடு அப்படித்தான் போச்சி. அதான் எந்தக் காளைன்னு கேட்டேன். அந்தாளு அதுக்குள்ள கண்ணாடிக் குழாயி, கோத்திரம்னு ஆரம்பிச்சிட்டான். எனுக்கும் கோவம் வந்துருச்சி."

தனக்கொடி அவனையே பார்த்தாள். புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாகக்கூட இருந்தது.

"நான் மாட்டப் பத்தியா பேசினேன்? நான் சொன்னது உன் காதுல வுழலியா மாமா?"

"வுழுந்துச்சி. அந்த டாக்டரம்மா உன்னக் கூப்புடறதுக்கு முன்னாடியே என்னக் கூப்ட்டு எல்லாத்தயும் சொல்லிட்டாங்க. நான் சரின்ன அப்புறம்தான் உங்கிட்டயே பேசினாங்க. எனுக்குத் தெரியும்னா நீ என் மொகத்தப் பாத்துக் கூசிக்கினு வேணாம்னுடுவ. அதான், எங்கிட்ட சொல்ல வேணாம்னு உங்கிட்ட சொல்லச் சொல்லி நான்தான் அவங்களக் கேட்டுக்கினேன்."

பலராமன் கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான்.

"ஊசிக்குக் குடுத்த ஆளு யாரு, எவருன்னு நான் கேக்கவே இல்லடி. 'எம் பொண்டாட்டி ஒடம்பு இத்தத் தாங்குமா, பிரசவத்துல அவ உசுருக்கு ஒண்ணும் ஆவாதே'ன்னு அது ஒண்ணத்தான் கேட்டேன்."